மொட்டை சாரின் தலைமுடி

சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரி, திருப்பதியில் லாட்ஜ், அதை ஒட்டிக் கல்யாண மண்டபம். மூன்றும் நான் எழுப்பியவை. பேங்க் கதவைச் சாத்தியது, சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், நான் படித்தது ஐந்தாவது. யாருக்கும் பயப்படாத நான் ஒரே ஒரு தலையைப் பார்த்துத்தான் நடுங்கியிருக்கிறேன். அது எங்கள் கம்ப்யூட்டர்காரன் மொட்டை சாரின் தலை. ஆந்திராவிலேயே அப்படி ஒரு தலை கிடையாது.

குடுபல்லிக்காரன். ரூம், மண்டபம், முன்பதிவு எல்லாம் கம்ப்யூட்டருக்குள் கட்டம் கட்டமாக இருக்கும். அதற்கு டேபிள் என்று பேர். வேண்டாத டேபிளை அழிப்பது அவன் வேலை. ஆனால் அழி என்றால் உடனே அழிக்க மாட்டான். பேரை மாற்றி ஒளித்து வைப்பான்.

"யார்னா அழுவறாங்களா பாப்போம் மொதலாளி. அழுதா அது உசுரோட கீது."

யாரும் அழாவிட்டால்தான் அழிப்பான். அழித்த பாவத்துக்கு நேரே மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு வருவான். டேபிள் இருக்கிறதா போனதா என்று நாங்கள் கேட்பதில்லை, தலையைப் பார்ப்போம்.

வைகாசி முகூர்த்தம் நெருங்கும் சமயம் கம்ப்யூட்டர் நகர மறுத்தது. 'டெஸ்ட்' என்று பேர் வைத்த டேபிளை எல்லாம் தூக்கச் சொன்னேன். அந்தப் பேரைப் பார்த்தால் யாருக்கும் குப்பை என்றுதானே தோன்றும்? கொஞ்ச நாளில் நகரியிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா, மண்டபத்தைப் பார்த்துப் போக வந்தார். ஸ்கிரீனில் அவர் பேர் இல்லை. வைகாசிக் கல்யாணம் ஒன்றுகூட இல்லை. மண்டப மானேஜர் வேர்த்துப்போய் உண்மையைச் சொன்னான்: பழகிப் பார்க்கத் திறந்த டெஸ்ட் டேபிளிலேயே மண்டப முன்பதிவை எல்லாம் ஏற்றி வந்திருக்கிறான். நகலும் எடுத்து வைக்கவில்லை.

பெண்ணின் அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "ஊரெல்லாம் பத்திரிக வெச்சிட்டு வந்துகீறேன் நைனா. இப்ப நான் எங்க போவேன்?"

நான் போட்ட சத்தம் மலையடிவாரத்து அலிபிரி வரை கேட்டிருக்கும். மொட்டை சார் லீவு. மலைக்குப் போயிருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். மலை என்றால் மொட்டை, மொட்டை என்றால் டேபிள் போச்சு.

போன் போட்டதும் பைக்கில் வந்தான், ஹெல்மெட்டோடு. ஆபீஸே அந்த ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவன் சாவகாசமாக வண்டிக்கு ஸ்டாண்டு போட்டான்.

"மொதல்ல அத்த கயட்டுடா," என்றேன்.

கழற்றினான். முடி. எண்ணெய் வைத்து வாரிய சுருட்டை முடி. மானேஜர் அந்தத் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"மலைக்குப் போனியாமே?"

"எந்த மல? மச்சினி புள்ளைக்கு காதுகுத்து, காணிப்பாக்கம் போய்க்கினு வரேன். யாரு அழுதது?"

"நான்தான்டா."

"அப்ப உசுரோட கீது," என்று உட்கார்ந்து பழைய பேரைத் திருப்பிப் போட்டான். கல்யாணங்கள் எல்லாம் ஸ்கிரீனில் வந்து நின்றன. நகரிக்காரர் பெண்ணுக்கு என் மண்டபத்தில்தான் தாலி ஏறியது.

மொட்டை சார் இப்போது பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறான். அங்கே இதைத் தன் சாமர்த்தியமாகச் சொல்லித் திரிகிறானாம். சொல்லட்டும். ஆனால் அழுதது நான். நான் அழாவிட்டால் டேபிளும் போயிருக்கும், அவன் முடியும் போயிருக்கும். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் தங்க ஒரு மூலை ரூம் வைத்திருக்கிறேன். அது எந்த டேபிளிலும் இல்லை. சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது.