நூற்று இருபது ஒளியாண்டு தூரத்துத் தண்ணீர்

"தெரியாதுங்கற வார்த்தை இன்னிக்கு உன் வாயில வரவே கூடாது, சொல்லிட்டேன்," என்றாள் அம்மா நாகலக்ஷ்மி, கேசரியைக் கிண்டியபடி.

சம்பத் தலையாட்டினான். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களை ஆராய்வது அவன் வேலை. அங்கே முக்கால்வாசிக் கேள்விக்குத் 'தெரியாது' என்பதுதான் நேர்மையான பதில். அப்படி நேர்மையாக இருந்தே இரண்டு சம்பந்தங்களைக் கோட்டை விட்டிருந்தான். இந்த முறை ஜெயஸ்ரீ. நான்கு முறை போனில் பேசியதிலேயே அவளை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அதனால்தான் இத்தனை உதறல்.

சம்பத்தின் கிழக்குத் தாம்பரத்து வீட்டின் கூடத்தில் பெண்ணின் அப்பா சுப்பராயலு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மேடவாக்கத்தில் நிலம் சம்பந்தமான தொழில் என்று தரகர் சொல்லியிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஞானஜோதி. அந்தம்மாள் பஜ்ஜிக்கு மட்டும் வாயைத் திறந்தார்.

"அந்தக் கிரகத்தையெல்லாம் கண்ணால பாத்துக்கீறீங்களா தம்பி?" என்று ஆரம்பித்தார் சுப்பராயலு.

"இல்ல சார். அது குறுக்க போகும்போது நட்சத்திர வெளிச்சம் துளியூண்டு குறையும். அதை வெச்சுக் கண்டுபிடிப்போம்."

"பாக்காமலே இருக்குன்னு சொல்றீங்க."

பேச்சு போகிற போக்கு தாய்மாமன் தனக்கோடிக்குப் பிடிக்கவில்லை. "இன்னா சம்பந்தி அப்டி சொல்லிட்டீங்க? நம்ம பையன் ஒரு கிரகத்துல தண்ணியே கண்டுபுடிச்சுக்கீறான்! கடல் மாதிரி கீது!"

சுப்பராயலு நிமிர்ந்தார். "தண்ணியா? எத்தினி அடியில?"

சம்பத் மாமாவை முறைத்தான். "நீராவி மாதிரி ஒரு அடையாளம் கிடைச்சிருக்கு சார். அவ்வளவுதான். ஆழமெல்லாம் சொல்ல முடியாது."

"கீழ பாறையா, மண்ணா?"

"அதுவும்... ஆராய்ச்சியில இருக்கு."

"தண்ணி நிச்சயமா கீதா?"

"இருக்குன்னு நாங்க சொல்றோம். இல்லவே இல்லன்னு இன்னொரு குழு சொல்லுது."

சமையலறையில் கரண்டி கீழே விழுந்தது. தனக்கோடி மறுபடி குதித்தார். "அடுத்த வருசம் நேர்லயே போய்ப் பாத்துருவாங்க சம்பந்தி!"

"போக முடியாது மாமா. நூத்தி இருபது ஒளியாண்டு தூரம். நம்ம பேரன் காலத்துலகூட யாரும் போக முடியாது."

"யாருமேவா?" என்றார் சுப்பராயலு. "மெஷின் எறக்கிப் பாத்தாக்கூட?"

"மெஷினே போய்ச் சேராது சார்."

"அப்ப நீங்க சொன்னது சரியா தப்பான்னு எப்பதான் தெரியும்?"

சம்பத் விட்டத்தைப் பார்த்தான், பஜ்ஜித் தட்டைப் பார்த்தான். "தெரியாது சார்."

நாகலக்ஷ்மி சமையலறை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சுப்பராயலு எழுந்து வாசலுக்குப் போனார். வானத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயஸ்ரீக்கு என்ன சொல்லி மெசேஜ் அனுப்புவது என்று சம்பத் யோசிக்க ஆரம்பித்தான்.

அவர் திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. "தட்டு மாத்திக்கலாம்மா. நல்ல நாளா பாருங்க," என்றார். சம்பத்தின் தோளை ஒரு முறை தட்டினார். பிறகு முகம் கழுவப் போய்விட்டார்.

"அவருக்கு என்ன ஆச்சும்மா?" என்று சம்பத் ஞானஜோதியிடம் மெதுவாகக் கேட்டான்.

அந்தம்மாள் கடைசி பஜ்ஜியை விழுங்கிவிட்டு முதல் முறையாகப் பேசினார்.

"ஒண்ணும் இல்ல மாப்ள. மேடவாக்கம் பூரா போர் போடறவங்களுக்கு நீரோட்டம் பாத்து எடம் காட்டுறது இவருதான். யாராலயும் தோண்டிப் பாக்க முடியாத எடமா ஒண்ணு கெடைக்காதான்னு, பாவம், இருவது வருசமா ஏங்கிக்கினு கீறாரு."