பிஸ்டல் சங்கத்தில் தேர்தல்

இந்த முறை தலைவர் நாற்காலியில் உட்காராமல் விடுவதில்லை என்று வட்டாரப் பிஸ்டல் சங்கச் செயலாளர் சபதம் செய்தார். மெதுவாகத்தான் செய்தார். அடுத்த அறையில் மனைவி தைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஆதங்கத்திலும் நியாயம் உண்டு. பழைய காகிதக் கிடங்கில், ஐந்து பேரும் ஒரே ஒரு ஏர் பிஸ்டலுமாகச் சங்கத்தை ஆரம்பித்தவர் அவர்தான். இன்று முப்பது உறுப்பினர்கள், எட்டுச் சுடும் மேடைகள். ஆனால் நேற்று வந்த பல் டாக்டர் தலைவர் பதவிக்கு நிற்கிறார். உறுப்பினர்களில் பாதிப் பேருடைய பல் அவர் கையில் இருந்தது.

"ஏம்மா, உன் தையல் வகுப்புல எத்தனை பேரு?"

"பதினாறு. ஏன், சட்டை கிழிஞ்சிருச்சா?"

"அவங்களோட நீயும் சங்கத்துல சேர்ந்துடு. தேர்தல் அன்னைக்கு எனக்குக் கையைத் தூக்கினாப் போதும்."

"சுடச் சொல்லித் தருவீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு? சும்மா வந்து உட்காருங்க."

"சும்மா உட்கார வீட்டுலயே நாற்காலி இருக்கு. எங்களுக்கு நாலு மேடை வேணும்."

"தேர்தல் முடியட்டும், பார்க்கலாம்."

'பார்க்கலாம்' என்றால் 'இல்லை' என்று பொருள். இருபது வருஷக் குடித்தனத்தில் அவளுக்கு அது மனப்பாடம்.

பதினேழு பெண்களுக்கும் கிடைத்தது ஒரே ஒரு மேடை. அதுவும் வெளிச்சம் எட்டாத கடைக்கோடியில். செயலாளரோ வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போக வேண்டியிருந்ததால், ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியை மனைவி தலையில் கட்டினார். விசிலைக் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"விசில் ஊதினா எல்லாரும் பிஸ்டலைக் கீழ வச்சிட்டு வலது கையைத் தூக்கணும். தூக்காதவனுக்கு ஒரு மாசம் தடை. நான் எழுதின சட்டமாக்கும்!"

அவள் சட்டத்தை ஒரு எழுத்துக்கூட விடாமல் அமல்படுத்தினாள். முதல் வாரம் பல் டாக்டரே தடை வாங்கினார். ஒருநாள் எட்டிப்பார்க்க வந்த செயலாளர், டீ டம்ளரோடு கையைத் தூக்கிச் சட்டையை நனைத்துக்கொண்டார். மூன்றாம் மாதத்தில் விசில் உதட்டுக்குப் போகும்போதே கைகள் எழுந்தன. இதற்கிடையே, ஊசியில் நூல் கோத்துப் பழகிய விரல்கள் அந்த ஒற்றை மேடையிலேயே நடுப்புள்ளியைத் துளைத்துத் தள்ளின. ஆண்களே அவளிடம் வந்து யோசனை கேட்டார்கள்.

தேர்தல் நாள். பழைய தலைவர் இரண்டு பெயர்களையும் படித்துவிட்டு, "வேற யாராவது?" என்றார்.

"நான் நிக்கிறேன்," என்று மனைவி எழுந்தாள்.

செயலாளருக்குப் புரையேறியது. "என்ன இது?"

"தேர்தல் முடியட்டும்னீங்களே. சீக்கிரம் முடிச்சிடலாம்னுதான்."

கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "பொம்பளைங்களுக்கு நாலு மேடை. என்னை ஆதரிக்கிறவங்க..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. விசிலை ஊதினாள்.

நாற்பத்தேழு கைகள் கூரையைப் பார்த்தன. பல் டாக்டர் கையும்தான். முதலில் எழுந்தது செயலாளர் கை.

"டாக்டர், கையை இறக்குங்க! நாம ஏமாந்துட்டோம்!"

"இருக்கட்டும் சார். குறி பார்க்கவே அவங்கதான் சொல்லிக்குடுத்தாங்க. என் ஓட்டு அவங்களுக்கே."

ஒருவரும் கையை இறக்கவில்லை. தையல் வகுப்பு போட்ட கூச்சலில் கிடங்கே அதிர்ந்தது. சங்கம் கண்ட முதல் ஏகமனதான தேர்வு!

"செல்லாது! நான் பழக்கத்துல தூக்கிட்டேன்!" என்று செயலாளர் அலறினார்.

புதிய தலைவி விசிலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "வீட்டுல இருபது வருஷமா நான் சொன்னதுக்கெல்லாம் பழக்கத்துலதானேங்க கையைத் தூக்குறீங்க, ஒண்ணாவது செல்லாமப் போச்சா?"