நாலாவது சிவப்பு அட்டை

நீலப் பெட்டியின் கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

ஏதோ விளம்பரம் என்று நினைத்துத்தான் காற்புள்ளியார் அதைக் கையில் எடுத்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தார். ‘பாட்டில் மூடியை கழட்டவில்லை’ என்று எழுதியிருந்தது. அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. சிவப்பு அட்டையில் சிவப்புப் பென்சில் எடுபடவில்லை. நீலப் பென்சிலை எடுத்து, விட்டுப்போன ஒரு ‘க்’கைச் சேர்த்தார். ‘கழட்ட’வைக் ‘கழற்ற’ ஆக்கினார். அதன் பிறகுதான் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. குற்றம் தம் வீட்டுப் பெட்டியின் மேல்!

அச்சகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஊரார் எழுதியதில் பிழை பார்த்தவர் அவர். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் அவருக்கும் தெருவுக்கும் இருந்த ஒரே தொடர்பு, தெருமுனை அறிவிப்புப் பலகையில் அவர் ஒரு காற்புள்ளியைச் சேர்த்ததுதான். அன்று விழுந்த பட்டப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மற்றபடி ஜன்னலோர நாற்காலி, மடியில் ஒரு பழைய அகராதி, அவ்வளவுதான் அவருடைய உலகம்.

அவர் மனைவிக்கோ தெருவே உலகம். காகிதம், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் என்று குப்பையைப் பிரித்து, செவ்வாய்க்கிழமை காலையில் நீலப் பெட்டியை வாசலில் வைக்கும்படி தெருவில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று மூன்று நாள் முன்புதான் ஊருக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது சொன்னது இன்னும் அவர் காதில் இருந்தது.

“வீட்டைப் பெருக்குங்கன்னுகூட நான் சொல்லலைங்க. அந்தப் பெட்டியை மட்டும் பார்த்துக்கோங்க. அஞ்சு வருஷமா நம்ம வீட்டுப் பெட்டியில ஒரு குத்தம் வந்ததில்ல. நாலு சிவப்பு அட்டை வந்தா பெட்டியையே தூக்கிட்டுப் போயிடுவாங்களாம். அப்புறம் நான் இந்தத் தெருவுல எந்த முகத்தோட நடக்கிறது?”

“ஒரு பெட்டிதானே, நான் பார்த்துக்கிறேன்,” என்றார் அவர். புதுச் செருப்பு கீச்கீச்சென்று ஒலிக்க அவள் வண்டி ஏறினாள்.

இப்போது முதல் வாரமே முதல் அட்டை. திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ‘7’ என்ற எண்ணும் பாதி வெட்டுப்பட்ட ஒரு படமும் இருந்தன. ஏதோ பழைய பெட்டியில் வெட்டிய அட்டை. ‘நகராட்சி அலுவலகத்துக்காரர்கள் தங்கள் அட்டையைக்கூட வீணாக்குவதில்லை!’ என்று அந்த வேதனையிலும் அவர் மெச்சிக்கொண்டார்.

தெருக்கோடியில் விசில் கேட்டது. குப்பை வண்டியின் பின்படியில் தொங்கியபடி விசில்காரர் போய்க்கொண்டிருந்தார். பெட்டிகளைக் கவிழ்த்து ஏற்றுவது அவர் வேலை.

“தம்பி, நில்லுப்பா! இது என்ன அட்டை?”

“எல்லாம் அதுலயே எழுதியிருக்கு ஐயா!” என்று கத்தினார் விசில்காரர். வண்டி திரும்பிவிட்டது.

மாலையில் மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

“பெட்டி எப்படிங்க இருக்கு?”

“சௌக்கியமா இருக்கு,” என்றார்.

மறுமுனையில் பலமாக இருமல் கேட்டது. மகள் வீட்டில் தூசி அதிகம் போலிருக்கிறது. அடுத்தவர் பிழையைச் சுழித்துக் காட்டும் கைக்குத் தன் பிழையைச் சொல்ல ஒரு சொல் கிடைக்கவில்லை. நம்மில் பலருக்கும் அது கிடைப்பதில்லை.

மறுநாள் வேறு வழியில்லாமல் எதிர்வீட்டுத் தையற்காரம்மாவிடம் போய் நின்றார்.

“அட, வாங்கய்யா! நீங்க பேசுவீங்களா?” என்றாள் அவள், தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு. விஷயத்தைக் கேட்டதும் சொன்னாள்: “மூடியைக் கழட்டித் தனியா ஒரு பையில போடணுங்க. அது சரி, சிவப்பு அட்டைன்னா சொன்னீங்க? ஏழு வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன், அப்படி ஒண்ணை நான் கண்ணால பார்த்ததில்லையே!”

ஏழு வருஷத்தில் யாருமே வாங்காத அட்டை! காற்புள்ளியாரின் கழுத்து இன்னும் கொஞ்சம் வளைந்தது.

இனி ஒரு பிழைகூட இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார். மூடிகளைக் கழற்றினார். பாட்டில்களைச் சோப்புப் போட்டுக் கழுவினார். டப்பாக்களைக் கழுவினார். கை ஈரமாக இருந்த வேகத்தில், எண்ணெய்க் கறை பட்ட அட்டைப்பெட்டியையும் தேநீர் சிந்திய செய்தித்தாளையும் சேர்த்து முக்கி எடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது அட்டை வந்தது. ‘ஒரே ஈரம். பெட்டிக்குள் நீச்சல் அடிக்கலாம்.’

இம்முறை எழுத்துப் பிழை இல்லை. குற்றத்தைவிட அதுதான் அவரை அதிகம் வாட்டியது.

மூன்றாவது வாரம், காகிதம் எல்லாவற்றையும் வாசலில் கொடி கட்டிக் காயப்போட்டார். ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு கிளிப். மூன்றாவது தாளுக்கு மேல் கிளிப் இல்லை. காற்று வந்தது. நான்காவது தாளிலிருந்து எல்லாம் பறந்தன.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு டிரைவிங் வாத்தியார் தம் சிவப்புக் காரில் ஒரு குண்டு மனிதருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தபடி தெருவுக்குள் நுழைந்தார். விளையாட்டுச் செய்திப் பக்கம் காரின் முன்கண்ணாடியை முழுக்க மூடிக்கொண்டது. கார் வீறிட்டு நின்றது. நின்ற இடம்தான் சரியில்லை. காற்புள்ளியாரின் நீலப் பெட்டியின் மேல் நின்றது.

“ஐயோ, மன்னிச்சுக்குங்க சார்!” என்று ஓடினார் காற்புள்ளியார்.

“எதுக்கு மன்னிப்பு?” வாத்தியார் இறங்கி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “மூணு மாசமா பிரேக் போடுங்க, பிரேக் போடுங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன். இந்த மனுஷன் இன்னிக்குத்தான் போட்டிருக்காரு! உங்க பேப்பருக்குக் கோடி புண்ணியம்!”

குண்டு மனிதர் வெட்கத்தோடு சிரித்தார். மூவருமாகத் தாள்களைப் பொறுக்கினார்கள். நசுங்கிய பெட்டியை வாத்தியார் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார். அப்படியே உள்ளே வந்து தேநீரும் குடித்தார்கள். அந்த வீட்டில் மூன்று கோப்பைகள் ஒன்றாக நனைந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அவர்கள் போனதும் காற்புள்ளியார் வேலையில் இறங்கினார். செய்தித்தாள்களை இஸ்திரி போட்டார். பாட்டில்களை உயர வரிசையில் நிறுத்தினார். டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார். முடித்ததும் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். அச்சுக்கு அனுப்பலாம்போல இருந்தது.

மூன்றாவது அட்டை இப்படிச் சொன்னது: ‘அளவுக்கு மீறிய சுத்தம். சந்தேகமாக இருக்கிறது.’

காற்புள்ளியார் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு அட்டை. பெட்டி போய்விடும். பெட்டியோடு மனைவியின் முகமும் போய்விடும். அன்று மாலை அவள், “அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில வந்துடுவேங்க. பெட்டி சௌக்கியந்தானே?” என்று வேறு கேட்டாள்.

“ரொம்ப சௌக்கியம்,” என்றார் ஈனக்குரலில்.

திங்கட்கிழமை மதியம் வரை எல்லாம் சரியாக இருந்தது. ஒரே ஒரு பொருள்தான் மிச்சம். மரச்சாமான் கடைக்காரர்கள் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போன விளம்பர அட்டை. விரித்தால் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், “வாங்க! உள்ள வாங்க! இன்னிக்கே வாங்க!” என்று கூப்பிடும். வெளியே காகிதம். உள்ளே கம்பி, பட்டன் அளவு பேட்டரி, குட்டி ஒலிபெருக்கி. இது காகிதமா, தகரமா, பிளாஸ்டிக்கா? குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த விதித்தாளை மூன்று முறை படித்தார். அதில் பேசும் காகிதத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

மதியத் தூக்கத்தில் தெரு அடங்கியிருந்தது. காற்புள்ளியார் அட்டையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்கு நடந்தார்.

‘ஆண்டவனே, எடுத்தால்தான் திருட்டு. நான் கொடுக்கத்தானே போகிறேன்?’ என்று வாதாடிக்கொண்டே அட்டையை வாத்தியாரின் பெட்டிக்குள் நழுவவிட்டார். விழுந்த வேகத்தில் அது விரிந்துகொண்டது.

ஆண்டவன் பதில் உடனே வந்தது. “வாங்க! உள்ள வாங்க! இன்னிக்கே வாங்க!”

வீட்டுக்குள் ஓடி நாற்காலியில் விழுந்து அகராதியை விரித்துக்கொண்டார். குரல் நிற்கவில்லை. அந்தப் பக்கமாக வந்த தபால்காரர் திகைத்து நின்று, “இருக்கட்டும்மா, இன்னொரு நாள் வர்றேன்,” என்று பெட்டிக்கு மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு மேல் காற்புள்ளியாரால் பொறுக்க முடியவில்லை. போன வாரம்தான் வாத்தியார் தம் கையால் பெட்டியை நிமிர்த்திக் கொடுத்திருந்தார்! அந்த நல்ல மனிதருக்கா இந்த வேலை? எழுந்து ஓடினார். வாத்தியாரின் பெட்டிக்குள் இடுப்பு வரை இறங்கித் துழாவினார்.

“யாரு அது? பெட்டி கூப்பிட்டா உள்ளயே போயிடுறதா?” என்று பின்னால் வாத்தியாரின் குரல் கேட்டது.

கையில் அட்டையும் தலையில் ஒரு தயிர்க் கோப்பையுமாகக் காற்புள்ளியார் நிமிர்ந்தார். எதிர்வீட்டுத் தையற்காரம்மாவும் வந்துவிட்டாள். பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம்தான். ஆனால் அவர் சொல்லவில்லை.

“நான்தான் சார் போட்டேன். எனக்கு மூணு சிவப்பு அட்டை வந்திருக்கு. இது எதுல சேத்தின்னு தெரியல. பழியை உங்க தலையில கட்டப் பார்த்தேன். தப்பு.”

வாத்தியார் அவரையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“இதுக்கா சார் இப்படி வேர்க்குது? எங்க வீட்டுக்கு வாங்க, இதுமாதிரி எது என்னன்னு தெரியாதது ஒரு அலமாரி கிடக்கு!”

“எங்கிட்ட ரெண்டு மூட்டை ஜிப்பு இருக்குய்யா,” என்றாள் தையற்காரம்மா. “பாதி துணி, பாதி தகரம். எங்க போடுறதுன்னு தெரியாம கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன். உங்க வீட்டம்மாகிட்ட சொல்ல பயம்!”

செய்தி பரவியது. மாலைக்குள் தெருவில் பாதிப் பேர் காற்புள்ளியாரின் வாசலில் இருந்தார்கள். உடைந்த குடை, கண்ணாடி போன கண்ணாடிச் சட்டம், நடுவில் காந்தம் உள்ள பென்சில் பெட்டி, கையில்லாத துணிக்கடைப் பொம்மை. எல்லாம் குவிந்தன. காற்புள்ளியார் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இது தகரம். இது காகிதம். இதுல திருகாணியைக் கழற்றினா ரெண்டும். இது... சந்தேகம், அந்தப் பக்கம் வைங்க.”

“ஐயா கண்ணுல எதுவும் தப்பாதுப்பா!” என்றார் குண்டு மனிதர். அவரும் எங்கிருந்தோ ஒரு ரேடியோவோடு வந்திருந்தார்.

ஜன்னலோர நாற்காலியில் யாரோ ஜிப்பு மூட்டையை வைத்திருந்தார்கள். அவர் கவனிக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை விசில் சத்தம் கேட்டபோதுதான் அவருக்கு நினைவு வந்தது. ஊரார் பெட்டியையெல்லாம் பார்த்தவர் தம் பெட்டியைப் பார்க்கவில்லை! ‘சந்தேகம்’ என்று ஒதுக்கிய அத்தனையையும் யாரோ அதில் போட்டிருந்தார்கள். மேலே பொம்மையின் தலை எட்டிப் பார்த்தது. அடியிலிருந்து, “வாங்க! உள்ள வாங்க!” என்று குரல் வந்தது.

“வந்துட்டேன், வந்துட்டேன்,” என்றபடி வாடகைக் காரிலிருந்து மனைவி இறங்கினாள். வாசலில் வாத்தியார், தையற்காரம்மா, குண்டு மனிதர், இன்னும் நாலைந்து பேர். நடுவில் சட்டைக் கையை மடித்துவிட்ட தன் கணவர். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

காற்புள்ளியார் ஒரே மூச்சில் சொன்னார். “உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். பெட்டி சௌக்கியமா இல்ல. மூணு சிவப்பு அட்டை வந்துடுச்சு. நாலாவது இப்ப வரப்போகுது. உன் பேரைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுடு.”

அவள் வாயைத் திறப்பதற்குள் வண்டி வந்து நின்றது. விசில்காரர் பின்படியிலிருந்து குதித்தார். பெட்டியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தார்.

காற்புள்ளியார் கண்ணை மூடிக்கொண்டார்.

விசில்காரர் அவரைக் கடந்து போய் அட்டையை அவர் மனைவியின் கையில் திணித்தார். “இந்தாங்கம்மா, மிச்சம் ஒண்ணு; ஐயா வீட்டுக்குள்ளயே முடங்கிடக் கூடாதுன்னு உங்க செருப்புப் பெட்டியை வெட்டி நாலு அட்டை குடுத்துட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க, இவர் வைக்கிற பெட்டியில வாரம் ஒரு குத்தம் கண்டுபிடிச்சு எழுதுறதுக்குள்ள என் பாடு போதும் போதும்னு ஆயிடுச்சு!”