சர்க்கரை இல்லாத வீடும் என் கிரைண்டர் மூடியும்

முதலில் நான் கட்டியதைச் சொல்லிவிடுகிறேன். கெடுத்ததை அப்புறம் சொல்கிறேன். இரண்டும் வரும், ஆனால் வரிசை இதுதான்.

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஐந்தாவதோடு தீர்ந்தது. அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த காட்டிலிருந்து, மஞ்சப்பையில் இரண்டு சட்டையோடு கோயமுத்தூர் வந்து, ஒரு லேத் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டினேன். கூட்டின கையாலேயே லேத்தைப் பிடித்தேன். பிடித்த கையாலேயே சொந்தப் பட்டறை போட்டேன். தகரக் கூரை. மழை வந்தால் மோட்டாருக்குக் குடை பிடிப்போம், எங்களுக்கு இல்லை. அந்தக் கூரைக்கு அடியில்தான் என் முதல் கிரைண்டரைச் செய்தேன். இன்றைக்கு விடியற்காலையில் பவானியிலிருந்து பாலக்காடு வரைக்கும் எந்த இட்லிக் கடை வாசலில் நின்றாலும், உள்ளே என் கல் சுற்றுகிற சத்தம் கேட்கும். (நின்று பார்த்திருக்கிறேன். கேட்கும்.)

அந்த முதல் கிரைண்டரை நான் விற்கவில்லை. என் வீட்டுச் சமையலறை மூலையில்தான் இருக்கிறது. அதற்கு நானே யோசித்து, நானே தகடு வளைத்து ஒரு மூடி செய்தேன். எறும்பு போகாது, ஈரம் போகாது. அப்படியொரு பொருத்தம். அதே மாதிரி செய்து விற்கப் பார்த்தேன்; அதை மட்டும் ஊரில் ஒருவரும் வாங்கவில்லை. "கிரைண்டருக்கு எதுக்குங்க மூடி, அதென்ன ஊறுகா ஜாடியா?" என்று கேட்டு, முப்பது வருஷம் என் குடும்பமே சிரித்தது. இந்த மூடியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி இட்லி மாவால் பிழைத்து, இட்லி மாவால் வீடு கட்டி, இட்லி மாவால் மகளைக் கட்டிக்கொடுத்த நான், அறுபத்தெட்டாவது வயதில் இட்லி மனிதனுக்கு விஷம் என்று கண்டுபிடித்தேன்.

கூட நடக்க வருகிற ஒரு மில்காரர்தான் ஆரம்பித்துவைத்தார். மூன்று மாதம் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது வயிற்றையும் காணவில்லை. "பேலியோங்க. ஆதிமனுசன் என்ன தின்னானோ அதுதான்" என்றார். முட்டை, கறி, நெய், தேங்காய், பாதாம், அப்புறம் அந்தந்தப் பருவத்தில் விளைகிற பச்சைக் காய், கீரை. அரிசி இல்லை, கோதுமை இல்லை, பருப்பு இல்லை, சர்க்கரை இல்லை, வாழைப்பழம்கூட இல்லை. அவர் செல்போனில் ஒரு குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். அங்கே தட்டுத் தட்டாகப் படம் போட்டிருந்தார்கள். படத்தையெல்லாம் பார்த்தேன். மேலே விதிமுறை என்று ஒன்று ஒட்டி வைத்திருந்தார்கள். அதைப் படிக்கவில்லை. (படிக்க ஆரம்பித்தேன். நீளமாக இருந்தது.)

எடுத்ததை முடிக்காமல் விடுகிறவன் இல்லை நான். மூன்று மாதத்தில் பதினாலு கிலோ போனது. ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தை திறக்கிற நேரத்துக்கு முதல் ஆளாக நிற்பேன். ஐப்பசியில் பீர்க்கங்காயும் புடலையும், கார்த்திகையில் முள்ளங்கியும் நூக்கலும், மார்கழிப் பனியில் காலிபிளவர். புதினா, கொத்தமல்லி, வல்லாரையை ஈரத்துணியில் சுற்றிக் குழந்தைபோல் தூக்கி வருவேன். உருளைக்கிழங்குக் கடை முன்னால் நின்று, வாங்குகிறவர்களுக்கு இலவசமாக அறிவுரை சொல்வேன்.

கீரைக்கார அம்மா ஒருநாள் கேட்டது. "ஏனுங்கய்யா, ஆதிமனுசன் காலிபிளவரு தின்னானுங்களா?"

"அவன் சந்தைக்கு வந்திருந்தா வாங்கியிருப்பான்."

"கொசுறு கேட்டிருப்பானுங்களா?"

அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

இது வரைக்கும் என் உடம்பு, என் பாடு. யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ஒன்றில் ஜெயித்தவனுக்கு அடுத்தவர் உடம்பும் தன் பட்டறை மாதிரித் தெரியும். என் சம்சாரம் மரகதத்துக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. காலையில் ஒன்று, பொழுதோட ஒன்று என்று மாத்திரை. தை முதல் தேதியிலிருந்து அவளும் பேலியோ என்று அறிவித்தேன்.

மகள் கவிதா அன்றே சொன்னாள். "அப்பா, சோத்த நிறுத்துனா மாத்திரையையும் கொறைக்கோணுமாமா. டாக்டரக் கேட்டுட்டுச் செய்யுங்க."

"நான் எந்தப் படிச்சவனக் கேட்டு எதக் கண்ணு செஞ்சிருக்கேன்?" என்றேன். அன்றைக்கு அது எனக்குப் பெருமையான வசனம். இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது.

அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பானையில் துருவிய காலிபிளவரும் தேங்காய்ப்பாலும். ஒரு மணி நேரம் நின்றோம். பொங்கவில்லை. இருபது வருஷமாக எங்கள் வீட்டில் சமையல் பார்க்கிற சரசு மெதுவாகச் சொன்னாள். "பொங்கலைங்களேய்யா..."

"ஆவி வருதில்ல? அது போதும்."

ஆவியைப் பார்த்து, "பொங்கலோ பொங்கல்" என்றேன். கூட யாரும் சொல்லவில்லை. மரகதம் முகம் செத்துப்போனது.

மறுநாள் வீட்டைச் சுத்தம் செய்தேன். அரிசி, சர்க்கரை, வெல்லம், தேன், பேரீச்சம்பழம், ரஸ்க், எல்லாம் ஒட்டுக்காகப் பட்டறை ஆட்களுக்குப் போனது. சாமி படத்துக்கு முன்னால் வாழைப்பழம் இருந்த இடத்தில் பிஞ்சு வெள்ளரிக்காய் வைத்தேன். சரசு தன் டீக்கு மட்டும் ஒரு டப்பாவில் சர்க்கரை வைத்திருந்தாள். அதையும் எடுத்துக் கொட்டினேன். "செரிங்க, நான் டீய அடுத்தூட்டுலயே குடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போன கவிதா, அம்மாவுக்கு என்று ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொண்டுவந்தாள். வெல்லம், வாழைப்பழம், தேன், பேரீச்சம்பழம். நான் விரட்டிய எதிரிகள் நான்கு பேரும் ஒரே டப்பாவில் கூட்டணி போட்டுத் திரும்பி வந்திருந்தார்கள்.

"சாமி பிரசாதத்தக் கீழ போட முடியாது. யாருக்காச்சும் குடுத்துரு" என்றேன்.

பொழுதோட கேட்டேன். "குடுத்துப்போட்டயா?"

"குடுத்துப்போட்டனுங்க" என்றாள் மரகதம்.

அவளுக்கு அப்போதே கை நடுங்க ஆரம்பித்திருந்தது. வேர்த்தது. எரிந்து விழுந்தாள். "ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் நான், "உள்ள இருக்கற விஷம் வெளிய வருது, நல்லதுதான்" என்றேன். எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். நான் படித்ததே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவள் மாத்திரை போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர் டம்ளரை நானேதான் எடுத்துக் கொடுத்தேன். இருபத்தி மூன்றாவது நாளாக அதே முட்டையைப் பார்க்க முடியாமல், அதைக் காக்கைக்கு வைத்துவிட்டு வெறும் வயிற்றோடு வந்தாள் என்பதை மட்டும் பார்க்கவில்லை.

பதினொரு மணி இருக்கும். சமையலறைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் நாற்காலி போட்டு, நெய்யைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று கை நின்றது. நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்வை என்மேல் இருந்தது, ஆள் அதில் இல்லை.

"டேய் சின்னச்சாமி" என்றாள். "சோறு போடுடா."

என் பேர் சின்னச்சாமி. கல்யாணமாகி நாற்பத்தியொரு வருஷத்தில் அவள் வாயால் அந்தப் பேர் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வாள். அதே பேருள்ள பால்காரரைக்கூட 'அவுருங்க' என்றுதான் சொல்வாள். அப்படிப்பட்டவள்.

"சோறு போடுடா சின்னச்சாமி" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, கீரைமேலேயே பக்கவாட்டில் சாய்ந்தாள்.

சரசு ஓடி வந்தாள். "அய்யா, அக்காளுக்குச் சக்கரை கொறைஞ்சு போச்சுங்க! என்ற மாமியாளுக்கும் இப்படித்தான் ஆச்சு. வெரசா இனிப்பு எதாச்சும் வாயில வெக்கோணும்!"

இந்த இடத்தை விட்டுவிட்டு எழுதலாம். சரசுவையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. எழுதுகிறேன். நான் சமையலறை வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்து நின்றேன். "இனிப்பா? இருபத்திமூணு நாள் கட்டுப்பாடு! எலுமிச்சைத் தண்ணியில உப்புப் போட்டுக் குடு, செரியாப் போகும்" என்றேன். அரை நிமிஷம் இருக்கும். ஒரு நிமிஷம்கூட இருக்கும்.

"வழிய உடுங்கய்யா" என்றாள் சரசு. மரியாதை அந்த 'ங்க'வில் மட்டும்தான் இருந்தது, குரலில் இல்லை.

செல்போனில் கவிதாவைக் கூப்பிட்டேன். எனக்குச் சாதகமாகச் சொல்வாள் என்று நினைத்தேனோ என்னவோ. நான் சொல்லி முடிக்கவில்லை. அவள் கத்தினாள். "அப்பா! சக்கரையக் குடுங்கப்பா! இப்பவே! அம்மா செத்துப்போயிரும்ப்பா!"

கை தானாகக் கீழே இறங்கியது. சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். பாதாம். வெல்ல டப்பா. ஆளிவிதை. தேன் பாட்டில். செக்கெண்ணெய். சாமி அறைக்கு ஓடினேன். வெள்ளரிக்காய். பிள்ளையாரும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் மாவாட்டிக் கொடுத்தவன் வீட்டில், சாகக் கிடக்கிறவள் நாக்கில் வைக்க ஒரு சிட்டிகை இனிப்பு இல்லை. அவ்வளவு திறமையாகச் சுத்தம் செய்திருந்தேன்.

வெளியே ஓடினேன். அடுத்த வீட்டுக் கேட்டைப் பிடித்து உலுக்கினேன். "சக்கரை! ஒரு கை சக்கரை குடுங்க!" பூட்டு ஆடியது. கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். போவதாக நேற்றுத்தான் சொன்னார்கள். அங்கே போய்ச் சோறு தின்ன வேண்டாம் என்று அவர்களுக்கும் அறிவுரை சொல்லியிருந்தேன். தெருவில் போன இருவர் நின்று பார்த்தார்கள். அவிழ்ந்த வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, உருளைக்கிழங்கைத் தடுத்த அதே ஆள், சர்க்கரைக்குக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

கடை இரண்டு தெரு தள்ளி. அதற்குள் முடிந்துவிடும் என்று தோன்றியது. அவளை அப்படியே விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் திரும்பி ஓடி வந்தேன்.

சமையலறையில் சரசு மரகதத்தின் தலையை மடியில் வைத்திருந்தாள். கன்னத்துக்குள் விரலை விட்டு எதையோ கொஞ்சம் கொஞ்சமாகத் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பழனிப் பஞ்சாமிர்த டப்பா. மூலையில் என் முதல் கிரைண்டர் திறந்து கிடந்தது. தரையில் அந்த மூடி.

அரிசி நின்ற பிறகு அந்தக் கிரைண்டரை யாரும் தொடவில்லை. வீட்டில் நான் திறந்தே பார்க்காத ஒரே இடம் அதுதான். குழவியை எடுத்து வைத்துவிட்டு, உள்ளே டப்பாவை வைத்து மூடியிருக்கிறாள் மரகதம். சரசுவுக்கு மட்டும்தான் தெரியும். நான் வாசலை மறித்து நின்றது அந்த டப்பாவுக்குக் குறுக்கேதான் என்று அப்போதுதான் புரிந்தது.

எத்தனை நேரம் என்று தெரியாது. முதலில் மரகதம் தொண்டை அசைந்தது. அப்புறம் விழுங்கினாள். அப்புறம் கண் என்னைத் தேடியது. இந்தத் தடவை ஆள் இருந்தது.

"ஏனுங்க... ஏன் அழுகறீங்க?"

வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தேன். அவள் கண் டப்பாவைப் பார்த்தது. பயந்துவிட்டாள்.

"குடுத்துப்போட்டேன்னு சொன்னது பொய்யுங்க. ஒரு வாய் தின்னு பாக்கலாம்னுதான். மன்னிச்சுக்குங்க" என்றாள். வாயோரத்தில் வெல்லத்தோடு, என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். என் மகள் வயதுகூட இல்லாத டாக்டரம்மா கேட்டது.

"சாப்பாட்ட மாத்தும்போது மாத்திரையக் குறைக்கச் சொல்லி யாருமே சொல்லலையா?"

"சொன்னாங்க."

"யார்கிட்ட?"

"என்கிட்டத்தானுங்க."

அந்தம்மா பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தது. திட்டியிருக்கலாம்.

மரகதம் பிழைத்தாள். மாத்திரையைக் குறைத்தார்கள், அவளுக்கு ஏற்ற அளவு எழுதிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அவள் தட்டில் பாதிக்குமேல் நான் சந்தையில் பொறுக்கி வந்த காயும் கீரையும்தான். கூட இரண்டு இட்லி. அந்த இரண்டு இட்லியை நான் எண்ணுவதில்லை. எண்ணினால் சரசு இருமுவாள். மூடி போட்ட கிரைண்டர் மறுபடி ஓடுகிறது. எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும், கண்ணாடி, சாவி, மாப்பிள்ளையின் செல்போன், எதுவானாலும் முதல் கேள்வி இதுதான்: "கிரைண்டரத் தொறந்து பாத்தீங்களா?" பேர் சொல்லிக் கூப்பிட்டதைச் சரசு சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டாள். மரகதம் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. "நானாவது அவுரு பேரச் சொல்றதாவது!" என்பாள். ஆனால் பந்தியில் நான் பரிமாற நின்றால் போதும், கொழுந்தியாள் ஆரம்பித்துவிடுவாள்: "சோறு போடச் சொல்லுங்கக்கா, பேரு சொல்லி!"

சிரித்துக்கொள்ளட்டும். எனக்கு ஒரு வழக்குத்தான் பாக்கி. இந்தக் கதையை ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்கிறார்கள். முருகன் காப்பாற்றினான் என்கிறார்கள். சரி. சரசு காப்பாற்றினாள் என்கிறார்கள். ரொம்பச் சரி, அவள் காலில் விழக்கூட நான் தயார்; அவள்தான் விடமாட்டாள். கவிதா நடந்து போய் வாங்கி வந்தாள், மரகதம் ஒளித்து வைத்தாள், டாக்டரம்மா பார்த்துக்கொண்டது. எல்லாருக்கும் பங்கு உண்டு. பத்து நாளுக்குமேல் அந்த டப்பா, எறும்பு நிறைந்த ஒரு கோயமுத்தூர்ச் சமையலறையில், ஒரு எறும்புகூட ஏறாமல் எப்படி இருந்தது? அதை மட்டும் ஏன் ஒருத்தரும் சொல்வதில்லை?

இதைத் திருத்தி எழுதிக் கொடுக்கிற கவிதா இப்போதுகூடச் சிரிக்கிறாள். சிரிக்காமல் எழுது கண்ணு. இனிமேல் யார் இந்தக் கதையைச் சொன்னாலும் என் பங்கை முழுசாகச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு சிட்டிகை சர்க்கரை இல்லாமல் செய்தவன் சின்னச்சாமி. வாசலை மறித்து நின்றவன் சின்னச்சாமி. அதைச் சொல்லுங்கள், தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறேன். அதே மூச்சில் அந்த மூடியைச் செய்தவன் பேரையும் சொல்லுங்கள்.