கோமாரிக்கு ஒரு ஸ்பிரெட்

இந்த நோன்புப் பெருநாளைக்கு எப்படியாவது கோமாரிக் கடற்கரைக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்தேன். ஒவ்வொரு பெருநாளும் என்னோடு படித்தவர்கள் வேன் பிடித்துப் போய், கடலில் குளித்து, மீன் சுட்டுத் தின்கிறார்கள். நான் மூன்று வருடமாகப் போனில் படம் மட்டும் பார்க்கிறேன். உண்மையாகவே ஏக்கமாக இருந்தது. ஆனால் கல்முனைக்குடியில் மாப்பிள்ளை குடியிருப்பது பெண்டாட்டி வீட்டில். வீடும் என் மனைவி ஸில்மியாவுடையது, கேற் சாவியும் ஸில்மியாவுடையது.

இம்முறை வேனில் சீற்றுக்குப் பேர் கொடுத்துவிட்டுத்தான் அவளிடம் போனேன். என்னிடம் ஓர் ஆயுதமும் இருந்தது. ஆறு மாதமாக யூடியூபில் ஒப்ஷன் வியாபாரம் படித்திருந்தேன். பங்கை வாங்காமல், அதைக் குறித்த நாளில் வாங்கும் உரிமையை மட்டும் சிறு விலைக்கு வாங்குவது. கூடவே வேறொரு நாளுக்கான உரிமையை விற்றுவிட்டால் அது ஸ்பிரெட். செலவு குறையும், நட்டத்துக்கும் ஓர் எல்லை இருக்கும். சந்தையில் ஏற்ற இறக்கம் கூடினால் உரிமையின் விலையும் கூடும் என்று அவளுக்கும் சொல்லியிருந்தேன். காசு போட்டுப் பார்க்க வழியில்லை. "சூதாட்டக் காசில உலை வைக்க மாட்டன்" என்று அவள் சொல்லிவிட்டாள். சரி, காசில்லாமல் அவளிடமே வியாபாரம் செய்வோம் என்று துணிந்தேன். ஏற்ற இறக்கம் என்றால் என்னவென்று பன்னிரண்டு வருடமாக அவளிடம்தானே பாடம் கேட்கிறேன்!

"புள்ள, பெருநாளைக்குக் கோமாரிக்குப் போற உரிமைய எனக்கு வில்லு."

"என்ன விலைக்கு?"

"நீ சொல்லு."

"பத்து நாளைக்குக் கஞ்சிக்குத் தேங்காய் துருவணும்."

"கூடப் புள்ள. நானும் உனக்கு ஒண்டு விக்கிறன். அடுத்த நாள் உன்ன அக்கரைப்பற்றுக்கு உன்ட தங்கச்சி வீட்ட கூட்டிப் போறன். அஞ்சு நாளக் குறை."

"ஓம், எழுதித் தாங்க."

கலண்டர் தாளின் பின்புறம் எழுதினேன். சந்தையில் முடிவுத் திகதி துல்லியமாக இருக்க வேண்டும். கலண்டரில் பெருநாள் சனிக்கிழமை. 'கோமாரி உரிமை, சனிக்கிழமை மட்டும்' என்று எழுதினேன். அவளுடையதற்கு ஞாயிறு என்று போடப் போனேன்.

"என்டதுக்குக் கிழமை போடாதீங்க. பெருநாளைக்கு அடுத்த நாள் எண்டு எழுதுங்க."

வியாபாரம் தெரியாதவள், பாவம் என்று நினைத்து அப்படியே எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். ஐந்து நாள் தேங்காய் துருவினேன். தேங்காயோடு விரலும் கொஞ்சம் போனது.

வியாழக்கிழமை, இருபத்தொன்பதாவது நோன்பு. எங்கள் பக்கத்து வானம் முழுக்க மேகம். பிறை தெரியாது, நோன்பு முப்பதுதான் என்று நிம்மதியாகக் கஞ்சி குடித்தேன். கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி, வேறோர் ஊரில் பிறை கண்டாயிற்று என்றது. நாளை வெள்ளிக்கிழமையே பெருநாள்! உடனே கூட்டாளி அஸ்ஹர் போன் எடுத்தான். நாளைக்கு ஜும்ஆத் தொழுகை முடிய வேன் வெளிக்கிடுமாம்.

குசினிக்கு ஓடினேன். அவள் வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள, நாளைக்குக் கோமாரி."

"உங்கட உரிமை சனிக்கிழமைக்குத்தானே?"

"சனிக்கிழமை எவன் போறான்? எல்லாரும் நாளைக்குப் போறாங்க."

"சனிக்கிழமை பெருநாளைக்கு அடுத்த நாள். நாம அக்கரைப்பற்றுக்குப் போறம். உங்கட கையெழுத்து இருக்கி."

"பிறை முந்தும் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கெங்க தெரியும்? தெரியாததாலதான் கிழமை போடாதீங்க எண்டன்."

ஆறு மாதத்தில் ஒரு வீடியோக்காரனும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

"சரி, நாளைக்குப் புதுசா ஒரு உரிமை வில்லு."

"ஏற்ற இறக்கம் கூடினா விலையும் கூடும் எண்டு நீங்கதானே சொன்ன? ஒரு வருஷத் தேங்காய்."

விரலைப் பார்த்தேன். கோமாரிக் கடலையும் நினைத்துப் பார்த்தேன். "ஆறு மாசம்!"

"சும்மா பேரம் பேசாதீங்க. வேனில இடமில்ல. பிறை கண்ட கையோட உங்கட சீற்றை என்ட தம்பி றிபாஸுக்கு வித்துட்டன்."

"வித்துட்டியா? என்ன விலைக்கு?"

"ரெண்டு கிலோ பாரை மீன்."

என் மச்சான் றிபாஸ் சொன்ன சொல் தவறாதவன். வெள்ளிக்கிழமை இரவே மீன் வந்துவிட்டது. பெருநாள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, குந்தியிருந்து செதில் சுரண்டினேன்.