நாலாயிரத்து ஒரு ரூபா

அநியாயம் நடந்தது என் அம்மா கோணேஸ்வரிக்கு. செய்தவர் என் அப்பா கதிரவேல், துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். உடுப்புத் தோய்க்கிற மெஷின் கேட்ட அம்மாவிடம் வருசக்கணக்காகக் "காசில்லை" என்றவர், ஒரு பின்னேரம் ஜப்பான் தூண்டிலோடு வந்து நின்றார்.

"என்ன விலை?"

"நாலாயிரம். சும்மா தந்த மாதிரி."

தூண்டில் விற்ற கடைக்காரரின் மகள் நப்லா என்னோடு கம்பஸில் படிக்கிறவள். உண்மை விலையை அவள் சொன்னதும் நான் கொதித்தேன்.

"நாப்பத்தெண்ணாயிரம், அம்மா! இது சுரண்டல். இண்டைக்கே கேளுங்கோ!"

அம்மா போர்வையைப் பிழிந்துகொண்டே, "கத்தாத பிள்ளை" என்றார். இப்படிப் பொறுமை காத்தே ஒரு சமூகம் நாசமாய்ப் போகிறது என்று நான் வாதாடினேன். அவர் அடுத்த போர்வையை எடுத்தார்.

அப்போதுதான் டிவிக்காரர் விலை சொல்லும் போட்டியோடு திருகோணமலைக்கு வந்தார்கள். அந்தப் போட்டி வளர்ந்ததே ஒரு கூத்து. முதலில், உண்மை விலைக்குக் கிட்டச் சொன்னவர் வென்றார். ஆட்கள் வாய்க்கு வந்தபடி ஏற்றிச் சொல்ல, விலையைத் தாண்டினால் தோல்வி என்று சட்டம் போட்டார்கள். உடனே எங்கள் சனம், முன்னால் சொன்னவரைவிட ஒரு ரூபா கூட்டிச் சொல்லப் பழகிவிட்டது. இனி சண்டை இருந்தால்தான் பார்ப்பார்கள் என்று, இப்போது புருசனையும் பெண்சாதியையும் எதிரெதிரே நிறுத்துகிறார்கள். பொருளை வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். விற்ற கடைக்காரர் விலை சொல்வார். வென்றவர் விரும்பினால் மெஷின், விரும்பினால் சின்னத் தோணி.

இரண்டு பேரின் பெயரையும் கொடுத்துவிட்டு வந்த அப்பாவுக்குத் தோணிக் கனவில் இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் இருந்தார், எழும்பினார், வாசலுக்கும் குசினிக்கும் நடந்தார்.

"கோணேஸ், றைஸ் குக்கரைக் கட்டும். நான் வாங்கினது, விலை எனக்குத் தண்ணிபட்ட பாடு."

"ஓமப்பா. நீங்கள் முன்னால போங்கோ, நான் கொண்டுவாறன்."

மேடையில் சீலையை விலக்கினார்கள். தூண்டில்.

அப்பாவின் முகம் வெயிலில் கிடந்த சூடை மீனாகிவிட்டது. கடைக்காரர் தாஹிர் முன்வரிசையில் கைகட்டி இருந்தார்.

"ஆர் முதல்ல?" என்றார் அறிவிப்பாளர்.

"அவர்தானே வீட்டுக்குத் தலைவர்" என்றார் அம்மா.

அப்பா வேர்வையைத் துடைத்தார். உண்மையைச் சொன்னால் தோணி கிடைக்கும். வீட்டில் சோறு கிடைக்காது.

"சொல்லுங்கோவன், எனக்குச் சொன்ன விலைதானே?"

"நா... நாலாயிரம்."

"நாலாயிரத்து ஒரு ரூபா" என்றார் அம்மா.

தாஹிர் எழும்பி, "நாப்பத்தெண்ணாயிரம்" என்றார். மண்டபம் சிரித்த சிரிப்பில் கூரைப் புறாக்கள் பறந்தன. நான் கதிரையில் ஏறி நின்று கைதட்டினேன்.

ஞாயிறு காலை குசினிப் பக்கம் மெஷின் உறுமியது. அப்பா அலுமாரிக்குப் பின்னால், கட்டிலுக்குக் கீழே, கூரை வளையில் எல்லாம் தேடினார்.

"இஞ்சாரும், தூண்டில் எங்க?"

"பக்கத்து வீட்டு இராசையா அண்ணையிட்ட."

"இரவலோ?"

"விலைக்கு."

"ஐயோ! என்ன விலைக்கு?"

"ஊருக்கு முன்னால நீங்கள்தானே விலை சொன்னனீங்கள். நான் ஒரு ரூபா லாபம் வைச்சுத்தான் வித்தனான்."