கறுப்புச் சன்னல்காரர்

கறுப்புச் சன்னல்காரர் என்றொரு இனம் இருக்கிறது. ஆபீசுக்கு ஒருவர், தெருவுக்கு ஒருவர், கொடுத்து வைத்தவர்களுக்கு வீட்டுக்கே ஒருவர் என்று பரவிக் கிடக்கிறது. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நாமெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் மலையும் மேகமுமாகப் படம் வைத்துக்கொண்டு, சின்னச் சின்னப் பொம்மைகளை மவுசால் தட்டித் தட்டிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்க, அவருடைய திரை மட்டும் கரிச்சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். அந்தக் கறுப்புச் சன்னலில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று மேலே ஏறிக்கொண்டிருக்கும். அவர் அதைப் பார்த்து "ம்" என்பார். எதற்கு அந்த "ம்"? தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார்.

எங்கேயோ நானூறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு குளிர்ந்த அறையில் அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கும் சர்வர் என்ற பெரிய கம்ப்யூட்டர்களை, வீட்டில் உட்கார்ந்தபடியே கட்டளை தட்டி மேய்ப்பதுதான் இவர் தொழில். அந்த சர்வர்களை இவர் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் எது எப்போது மூச்சு வாங்கும், எது எப்போது முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. "படுத்துடுச்சு" என்பார். "எழுப்பி விட்டுட்டேன்" என்பார். ஒரு முறை பஸ்ஸில் போனை எடுத்து, "அது தொங்கிக்கிட்டே இருக்கு, முதல்ல அதைக் கொன்னுடு, மத்ததை நான் வந்து பாத்துக்கறேன்" என்று இவர் நிதானமாகச் சொன்னதைக் கேட்டுப் பக்கத்து சீட்டுக்காரர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போனதை நானே பார்த்தேன்.

நான் எப்படிப் பார்த்தேன் என்கிறீர்களா? இவர் என் தங்கை வீட்டுக்காரர். நாள் முழுக்கக் கமாண்டு கொடுப்பதால் எங்கள் வீட்டில் இவருக்குக் கமாண்டர் என்று பெயர். நேரில் மாப்பிள்ளை. கல்யாணமான புதிதில், மாப்பிள்ளை சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறார் என்று சொன்னதும் எங்கள் அம்மா ஏதோ பெரிய ஓட்டல் என்று நினைத்துக்கொண்டாள்.

"உங்க கைக்குக் கீழ எத்தனை பேர் மாப்பிள்ளை?"

"முப்பத்தெட்டு அத்தை. நேத்து ஒண்ணு படுத்துடுச்சு."

"ஐயோ பாவம். காய்ச்சலா?"

"ஆமா. ரொம்ப சூடாயிடுச்சு."

இரண்டு பேருக்கும் பரம திருப்தி. ஆறு மாதம் யாரும் திருத்தவில்லை.

இந்த இனத்துக்கு ஒரு மந்திரம் உண்டு: "இது ரெண்டு வரி வேலை." உலகத்தில் எந்தக் காரியமானாலும் கறுப்புச் சன்னலில் இரண்டு வரி தட்டினால் முடிந்துவிடும் என்பது இவர்கள் நம்பிக்கை. ஒரு தடவை, சுற்றுலாவில் எடுத்த நாற்பது படங்களுக்குப் பெயர் மாற்ற உட்கார்ந்தேன். அரை மணி நேர வேலை. கமாண்டர் என் கையிலிருந்த மவுசை, மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும் பெரிய மனிதனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "விடுங்க மச்சான், ரெண்டு வரி." நான்கு நாள் ஆயிற்று. கடைசியில் ஆள்காட்டி விரலை வீணைக்காரர் மாதிரி உயரத் தூக்கி எண்டர் பொத்தானில் இறக்கினார். நாற்பது படத்துக்கும் ஒரே பெயர் போய், ஒன்றை ஒன்று விழுங்கி, ஒரே ஒரு படம் மிஞ்சியது. அதில் நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். என் தங்கையால் பொறுக்க முடியாமல் போனது வேறு.

வேலை நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது என்று கமாண்டர் வீட்டில் சட்டம் போட்டார். பேச்சுக் குரல் கேட்டால் கவனம் கலைகிறதாம். சமையலறையிலிருந்து அவர் நாற்காலிக்குப் பன்னிரண்டு அடி. அந்தப் பன்னிரண்டு அடிக்கு அவள் போனில் செய்தி அனுப்ப வேண்டும். அவர் பதில் தட்டுவார். அதற்காகப் போனை எடுப்பதும் கௌரவக் குறைச்சல் என்று, அவள் செய்தியும் ஒரு கறுப்புச் சன்னலிலேயே வந்து விழும்படி ஏற்பாடு செய்துகொண்டார். ஆக அவர் திரையில் ஏழு கறுப்புச் சன்னல்கள். ஆறில் சர்வர்கள், ஒன்றில் மனைவி. ஏழும் பார்க்க ஒரே மாதிரி. என்ன நடக்கும் என்று உங்களுக்குப் புரிகிறது. அவருக்குப் புரியவில்லை.

அன்று காலை பதினொன்றுக்கு உள்ளூர்ப் பார்சல் கம்பெனி ஒன்றின் சர்வரை நிறுத்தி எழுப்ப வேண்டியிருந்தது. அந்த நேரம் கம்பெனித் தலைமை அலுவலகத்தில் காலாண்டுக் கூட்டம். எல்லோரும் ஹாலில் இருப்பார்கள், யாருக்கும் தொந்தரவில்லை என்று கணக்கு. நிறுத்துவதற்கு முன்னால் அங்கேயுள்ள எல்லாத் திரைகளிலும் தெரிகிற மாதிரி ஓர் அறிவிப்புக் கொடுப்பது வழக்கம். இவர் அறிவிப்பு என்றால் அங்கே மறு பேச்சு கிடையாது. அந்தத் திரைகளில் இவர் பெயர் நிர்வாகி; நிர்வாகி சொன்னால் சொன்னதுதான்.

அறிவிப்பைத் தட்டப் போகும் நேரத்தில் சமையலறையிலிருந்து செய்தி வந்தது. "உங்க பெரியம்மா போன் பண்ணாங்க. இப்பவே கிளம்பி வரட்டுமான்னு கேக்கறாங்க. என்ன சொல்ல?"

கமாண்டர் இரண்டுக்கும் இரண்டு வரி தட்டினார். இரண்டு முறை விரலைத் தூக்கினார். இரண்டும் இடம் மாறிப் போயின.

பார்சல் கம்பெனி ஹாலில், பெண் மேலாளர் மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார் என்கிறார்கள். அவருக்குப் பின்னால் சுவரளவு திரையில் விற்பனைப் படம் மறைந்து பெரிய எழுத்தில் வந்தது:

"நிர்வாகி அறிவிப்பு. அந்தம்மா வாயைத் திறந்தா மூணு மணி நேரம் மூடாது. யாரும் இல்லன்னு சொல்லிடு. கேட்டைப் பூட்டு."

ஹாலில் நூற்று நாற்பது பேர். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாட்டில் இரண்டு பேர் நாற்காலியோடு சாய்ந்ததாகக் கேள்வி. மேலாளருக்கு மட்டும் விஷயம் தெரியாது. எல்லோரும் திடீரென்று இவ்வளவு கவனமாகக் கேட்கிறார்களே என்ற உற்சாகத்தில் இன்னும் பத்து நிமிடம் பேசிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். வாசலில் காவலாளி கடமை தவறாதவர். தன் திரையில் வந்ததைப் படித்தார், கேட்டைப் பூட்டினார், வெளியே வரிசை கட்டி நின்ற பார்சல் வண்டிக்காரர்களிடம் "உள்ள யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

இங்கே என் தங்கைக்குப் போன செய்தி இது:

"பத்து நிமிடத்தில் எல்லாத் தொடர்பும் துண்டிக்கப்படும். வேண்டியதை எடுத்துக்கொண்டு உடனே வெளியேறவும். தவறினால் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்படுவீர்கள். இப்படிக்கு, நிர்வாகி."

பதினொன்றரைக்கு அவள் கைப்பையோடு என் வீட்டு வாசலில் நின்றாள். எனக்கு அன்று லீவு. போனை நீட்டினாள். இரண்டு முறை படித்தேன்.

"என்னம்மா இது? சண்டையா?"

"சண்டை போடணும்னா பேசணுமே அண்ணா" என்றாள்.

கமாண்டருக்கு முதலில் போன்தான் வந்தது. ஒரு பெண் குரல்.

"நான்தான் அந்தம்மா பேசறேன்."

"எந்தம்மா?"

"வாயைத் திறந்தா மூடாத அம்மா."

அவர் ஏழு சன்னல்களையும் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"மேடம், அது வந்து, வேற ஒருத்தங்களுக்கு..."

"நேர்ல வந்து சொல்லுங்க. ஒரு மணிக்கு."

"நேர்லயா? இங்கிருந்தே கனெக்ட் பண்ணி..."

"நேர்ல."

ஓடிப்போய் மனைவியிடம் சொல்லலாம் என்று சமையலறைக்குப் போனால் அடுப்பு அணைந்திருந்தது. படுக்கையறை காலி. குளியலறை காலி. அப்புறம்தான் அவளுக்கு என்ன அனுப்பினோம் என்று அவருக்கு உறைத்தது. நானூறு கிலோமீட்டர் தள்ளிப் படுத்த சர்வரை ஒரு நிமிடத்தில் எழுப்புகிறவருக்கு, பன்னிரண்டு அடியிலிருந்த ஆள் எழுந்து போய் அரை மணி நேரமானது தெரியவில்லை.

என் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு காலில் அவர் செருப்பு, மறு காலில் அவளுடைய பழைய செருப்பு. தங்கை பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"வாங்க மாப்பிள்ளை" என்றேன்.

அவர் போனை எடுத்து எதையோ தட்ட ஆரம்பித்தார். தங்கையின் கைப்பைக்குள் போன் முனகியது.

"என்னங்க, நான் எதிர்லதான் உக்காந்திருக்கேன்" என்றாள் அவள். "வாயால சொல்லுங்க."

பாவம், மனிதர் திணறிப்போனார். தட்டினால் தப்பை அழித்துவிட்டு மறுபடி தட்டலாம். வாயால் சொன்னால் அழிக்க முடியாதே. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தப்பா அனுப்பிட்டேன்" என்றார். "உன்னைப் போகச் சொல்லல. நீ இல்லாம சமையலறையைப் பாத்ததும், எனக்கு, என்னவோ மாதிரி ஆயிடுச்சு." வாயிலிருந்து வந்ததும் இரண்டு வரிதான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"தப்பா வந்த மெசேஜ்னு பாத்ததுமே தெரியும்" என்றாள் தங்கை. "எழுந்து வரீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்." பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டாள். "சரி, வாங்க, அந்தம்மாவைப் போய்ப் பாக்கலாம். என் செருப்பைக் கழட்டிட்டு அண்ணா செருப்பைப் போட்டுக்கோங்க."

வேடிக்கை பார்க்க நானும் போனேன். பின் வாசல் வழியாக உள்ளே விட்டார்கள். மேலாளர் மேஜைக்குப் பின்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார். கமாண்டர் நடந்ததைச் சொன்னார்.

"நல்ல கதை" என்றார் மேலாளர். "அப்படி ஒரு பெரியம்மா உண்மையிலேயே இருக்காங்களா?"

"இருக்காங்க மேடம்" என்றாள் தங்கை. "வேணும்னா போன் போட்டுக் குடுக்கறேன்."

ஸ்பீக்கரில் போட்டாள். பெரியம்மா எடுத்தார். "எப்படி இருக்கீங்க பெரியம்மா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். முட்டிவலியில் ஆரம்பித்து, டாக்டர், டாக்டரின் மச்சினன், அவன் வாங்கிய ஸ்கூட்டர், அதன் நிறம், அந்த நிறத்தில் தான் முன்னொரு காலத்தில் வைத்திருந்த குடை, அந்தக் குடை தொலைந்த பஸ், அதன் கண்டக்டர் என்று பெரியம்மா போய்க்கொண்டே இருந்தார். இருபத்தைந்தாவது நிமிடம் மேலாளர் கையைத் தூக்கினார்.

"போதும். நம்பறேன்." தண்ணீர் குடித்தார். "எங்க வீட்லயும் ஒருத்தங்க இருக்காங்க. என் நாத்தனார்."

வேலை தப்பியது. கிளம்பி முன் வாசலுக்கு வந்தால் கேட் இன்னும் பூட்டியிருந்தது. திறக்கச் சொன்னோம்.

"நிர்வாகி ஆர்டர் சார். அவர் சொன்னாத்தான் திறப்பேன்" என்றார் காவலாளி.

"நான்தான் நிர்வாகி."

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஸ்கிரீன்ல வரட்டும் சார்."

கமாண்டர் அங்கேயிருந்த ஒரு மர நிழலில், கையோடு கொண்டு வந்திருந்த லேப்டாப்பைத் திறந்து, மூன்றடி தள்ளி நின்ற மனிதருக்கு, நானூறு கிலோமீட்டர் சுற்றி ஒரு கட்டளை அனுப்பினார். கேட் திறந்தது. தங்கை சிரித்ததில் அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

இப்போது அந்த வீட்டில் ஆறு சன்னல்தான். பேசுவதற்கு அவர் எழுந்து போகிறார். ஆரம்பத்தில் பழக்க தோஷத்தில் "தண்ணி" என்று மொட்டையாகக் கட்டளை போட்டு நின்றார். "அனுமதி இல்லை" என்று சர்வர் பாணியிலேயே பதில் வந்தது. இப்போது "கொஞ்சம் குடும்மா" என்று சேர்த்துப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்.

நீங்கள் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களிடம் கறுப்புச் சன்னலும் இல்லை, சர்வரும் இல்லை. சரி. இன்று காலையிலிருந்து, ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற ஆளுக்கு விரலால் எத்தனை தடவை பேசினீர்கள்? மாடியில் இருக்கிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டது எப்படி? அதெல்லாம் கூடப் போகட்டும். போன வாரம் உங்கள் சொந்தக்காரர் ஒருவரைப் பற்றி இன்னொருவருக்கு மனசு விட்டு எழுதினீர்களே, அது யாருக்குப் போயிருக்கிறது என்று ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரமில்லை. ஆனால் இப்போதே பாருங்கள்.